வலுவிழந்தோர் எவர்?

ஒரு சமூகம் தன் மக்களுள் ஒரு பகுதியினருக்கு இடுகின்ற பெயரிலேயே அவர்கள்பாற் கொண்டுள்ள கருத்தும் அடங்கிவிடுகின்றது. முடவர், நொண்டி என்று ஒரு காலத்தில் வழங்கிய தமிழ், பின்னர் அங்கவீனர் என்றது, வலது குறைந்தோர் என்றது, வலுவிழந்தோர் என்றது, அண்மைக் காலத்தில் மாற்றுத்திறனாளிகள் என்கின்றது. பெயர்கள் மாறிய வேகத்தில் நிலைமைகள் மாறவில்லை என்பது ஒருபுறமிருக்க, இவற்றுள் இலங்கையின் அலுவலகக் கடிதங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் இடம்பிடித்துக்கொண்ட 'வலுவிழந்தோர்' என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. வலு என்பது பலம். அதனை இழந்தோர் வலுவிழந்தோர். இழப்பு நிகழ்ந்து முடிந்துவிட்டது என இறந்தகாலத்தில் வைத்துத் தீர்ப்பு வழங்கிவிடுகின்றது இச்சொல். வலுவை அளக்கலாம், வளர்க்கலாம், மீளப் பெறலாம் என்னும் எண்ணத்துக்கு அதில் இடமே இல்லை.

இத்தீர்ப்பின் பொய்ம்மையை உணர்வதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டம் நடைபெறும் ஒரு திடலின் ஓரத்தில் நாற்பது நிமிடங்கள் நின்றாற் போதும். ஆனால் அத்தகைய திடல்களின் ஓரத்தில் நிற்பதற்குத் தமிழ்ச் சமூகம் விரும்புவதில்லை. அது நிற்க விரும்புவது மேடைகளில்.

ஐக்கிய நாடுகள் சபை 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதியை மாற்றுத்திறனாளிகளுக்குரிய சர்வதேச தினமாகப் பிரகடனஞ் செய்தது. அன்று தொட்டு ஆண்டுதோறும் அந்நாளில் ஊர்கள்தோறும் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கிழக்குக் கரையின் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையே கடலை நோக்கிக் கிடக்கும் பாண்டிருப்பு போன்ற ஓர் ஊரில் இத்தகைய கூட்டம் எவ்வாறு நடைபெறும் என்பதை எவரும் கண்ணை மூடிக்கொண்டே கூறிவிடலாம். மங்கல விளக்கு ஏற்றப்படும். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் முன்வரிசையில் நிறுத்தப்படுவர். மேடைக்கு ஏறும் வழி படிக்கட்டாக இருக்குமாதலால், பரிசுபெறும்போது அவர்களுள் ஒருவரை இருவர் தூக்கிச் செல்வர். அல்லது அதிதியே இரக்கத்துடன் இறங்கிவருவார். உடற்குறை குறையன்று, உள்ளக்குறையே குறை என ஒருவர் முழங்குவார். கைதட்டல் எழும். உலர்உணவுப் பொதி வழங்கப்படும். நிழற்படம் எடுக்கப்படும். அடுத்த டிசம்பர் வரை அவ்விடயம் அடங்கிவிடும்.

இம்முழக்கத்திற்குத் துணையாகத் திருக்குறளையும் இழுத்துவருவர். ஆள்வினையுடைமை அதிகாரத்திலே 'பொறி' இல்லாமை பற்றிக் கூறும் குறள் மேடைப் பேச்சாளரின் பெருஞ்செல்வம். பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் கொண்டார். பேச்சாளரோ உறுப்பு என்று கொள்வர். எவ்வாறு கொள்ளினும், அக்குறளின் பிற்பகுதி அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையையே பழி என்கின்றது. மேடைகளில் முயற்சி பேசப்படுகின்றது, அறியவேண்டியவை பேசப்படுவதில்லை. அதே நூலில் வலியறிதல் என ஓர் அதிகாரம் உண்டு என்பதும், செயலில் இறங்குமுன் அச்செயல் வேண்டும் வலிமையை எடைபோடல் வேண்டும் என்பதே அதன் சாரம் என்பதும் வசதியாக மறக்கப்பட்டுவிடுகின்றன.

சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் மனவலிமையைப் புகழ்வது மலிவானது. அதற்குத் திடல் வேண்டாம்; பயிற்றுநர் வேண்டாம்; நாற்காலியும் வேண்டாம். அவரது உடல்வலிமையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலோ, இவையனைத்துக்கும் விடை கூறவேண்டி வரும். உள்ளத்தை ஓயாது புகழ்ந்துகொண்டிருப்பது உடலுக்குச் செய்யவேண்டிய கடமையினின்றும் தப்புவதற்குரிய ஒரு தந்திரமேயாகும். இத்தந்திரம் தெரிந்தே கையாளப்படுகின்றது என்று கூறுவதற்கில்லை. தெரியாமற் செய்யப்படினும் விளைவு ஒன்றே.

இனி, அவ்விளையாட்டு உடலினிடம் எதனைக் கேட்கின்றது என்பதை நோக்குவோர், அங்கே சலுகை எதுவும் இல்லை என்பதையே முதலிற் காண்பர். திடலின் நீளம் 28 மீற்றர்; அகலம் 15 மீற்றர். நின்று ஆடுவோர்க்குரிய அதே அளவு. வளையம் நிலத்தினின்றும் 3.05 மீற்றர், அதாவது 10 அடி உயரத்தில் உள்ளது. அமர்ந்திருப்பவருக்காக அதனை ஓர் அங்குலமேனும் தாழ்த்துவதில்லை. பத்து நிமிடங்களைக் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். பந்து கையிலோ மடியிலோ இருக்கையில் சக்கரத்தை இரண்டு தடவைகளுக்குமேல் உந்தலாகாது. அதன்பின் பந்தை நிலத்தில் தட்டவோ, பிறருக்கு வழங்கவோ, எறியவோ வேண்டும். கால்களில் ஓரளவு வலு உள்ளவரும் இருக்கையினின்றும் எழுந்து அனுகூலம் தேடுதல் குற்றமாகும்.

நின்று ஆடும் வீரர் பந்தை எறியும்போது அவ்வெறிதல் உண்மையில் அவருடைய கால்களிலேயே தொடங்குகின்றது. முழங்கால் மடிந்து நிமிர, அவ்விசை இடுப்பினூடாகத் தோளை அடைந்து, கை அதனை முடித்துவைக்கின்றது. அமர்ந்து ஆடுபவருக்கு முதலிரண்டு படிகளும் இல்லை. தாழ்ந்த இடத்திலிருந்து அதே உயரத்துக்குப் பந்தை அனுப்பவேண்டியிருப்பதால் வேகமும் கூடுதலாக வேண்டும். அவ்வேகம் முழுவதையும் தோளும் முழங்கையும் மணிக்கட்டுமே ஈட்டித் தரல் வேண்டும். அதே கைகள்தாம் சற்று முன்னர் எதிரியைத் துரத்திச் சக்கரத்தை உந்தியவை. பாய்ந்துசென்ற நாற்காலியை உள்ளங்கை எரிய நிறுத்தியவை. ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பி அதனைச் சுழற்றியவை. காலும் கையும் பகிர்ந்து செய்யும் தொழிலை இங்கே கை தனித்துச் செய்கின்றது.

கைத்தொழிலாற் பெயர்பெற்ற கரையொன்றில் வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. பாண்டிருப்பின் கடற்கரையிலே கரைவலை இழுப்போரின் தோள்கள் பார்ப்போரை வியக்கவைப்பன. ஆயினும் வலையை இழுப்பது தோள் மட்டுமன்று. மணலிற் குதிகாலைப் புதைத்துப் பின்சாயும் உடல் முழுவதுமே இழுக்கின்றது. அயலூரான மருதமுனையின் கைத்தறியிலே நாடாவை ஓட்டுவது கையாயினும் மிதிபலகையை இயக்குவது காலே. கரையிழுப்பவரைக் காலூன்றாது இழுக்கச் சொன்னால் என்னாகும்? சக்கர நாற்காலி வீரரிடம் கேட்கப்படுவது அதுவே. அவருட் பலருக்கு வயிற்றுத் தசைகளும் முதுகின் கீழ்த்தசைகளுங்கூட ஒத்துழைப்பதில்லை. முன்னோக்கிக் குனிந்தால் மீள நிமிர்வதற்குக் கையை ஊன்றவேண்டிய நிலையில் உள்ளவர், அதே கையாற் பந்தையும் பிடிக்க வேண்டும்.

வெளியே தெரியும் தசைகளின் கதை இது. உள்ளே நிகழ்வது இதனினும் நுட்பமானது. கைகளின் தசைத்திரள் கால்களினதைவிடச் சிறியது. ஆகவே கைகளை மட்டும் கொண்டு உழைக்கும் ஒருவர் உச்சநிலையில் உட்கொள்ளும் ஒட்சிசனின் அளவு, கால்களைக் கொண்டு உழைக்கும்போது கொள்வதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே அமைகின்றது. செயலற்ற கால்களின் தசைகள் சுருங்கி விரிந்து குருதியை மேலே தள்ளாமையால், குருதி கால்களிலே தேங்க, இதயத்துக்கு மீளும் குருதியின் அளவும் குறைகின்றது. இதயத்தின் துடிப்பை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் முண்ணாணின் நெஞ்சுப் பகுதியின் மேற்கூற்றிலிருந்து புறப்படுகின்றன. கழுத்துப் பகுதியிலே முண்ணாண் முற்றாகப் பாதிக்கப்பட்டவர் எவ்வளவு உழைப்பினும் அவரது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 130 வரையான எல்லையைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. அத்தகையோருக்கு நாடித்துடிப்பை எண்ணிப் பயிற்சியின் கடுமையை அளக்கும் வழக்கமான முறை உதவாது. இதனை அறியாத பயிற்றுநர் ஒருவர், 'இன்னும் உற்சாகம் போதாது' என்று அவரைக் கடிந்துகொள்ளக்கூடும். மனவலிமை என்னும் ஒற்றை மருந்தை நம்பியிருப்பதன் கேடு இங்கே நன்கு வெளிப்படுகின்றது.

வெப்பம் மற்றொரு பகை. முண்ணாண் பாதிக்கப்பட்ட இடத்துக்குக் கீழே உடல் வியர்ப்பது குறைந்துவிடுகின்றது, அல்லது அற்றுவிடுகின்றது. வியர்வையே உடலைக் குளிர்விக்கும் முதன்மையான வழியாகலின், அவ்வாறானவரின் உடல் விரைவிற் சூடேறும். நண்பகலிற் கால்வைக்க இயலாதவாறு மணல் கொதிக்கும் அம்பாறைக் கரையிலே, எந்நேரத்திற் பயிற்சி, எங்கே நிழல், எவ்வளவு நீர், ஈரத்துணி எங்கே என்பன உயிர்காக்கும் வினாக்களாகும். தோள்மூட்டோ உடலின் பாரத்தைத் தாங்கும்பொருட்டு அமைந்ததன்று. அங்குமிங்கும் எளிதிற் சுழலவே அமைந்தது. அதனைக் காலாகவும் கையாகவும் ஒருசேரப் பயன்படுத்துவோருக்குத் தோள்நோவு வருதல் பெருவழக்கு. சக்கரத்தை முன்னோக்கி உந்துவதால் மார்புத் தசைகளும் தோளின் முன்தசைகளும் இறுகித் தடிக்கின்றன, பின்தசைகள் பின்தங்குகின்றன. பின்தசைகளை வலுப்படுத்தலும் முன்தசைகளை நீட்டித் தளர்த்தலும் ஆகிய இரண்டும் இன்றி ஆடுபவர் தம் தோளைத் தாமே அரித்துக்கொள்பவராவர்.

இவையெல்லாம் புதுவதாகக் கண்டறியப்பட்டவையல்ல. இரண்டாம் உலகப்போரின் பின் அமெரிக்காவின் படைவீரர் வைத்தியசாலைகளில், முண்ணாண் பாதிக்கப்பட்ட இளைஞர் 1946ஆம் ஆண்டளவில் இவ்வாட்டத்தைத் தொடங்கினர். 1949இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமதி நியூஜென்ற் தேசியச் சுற்றுப்போட்டியை நடத்தி, அதற்கெனச் சங்கமும் அமைய வழிகோலினார். ஒரு பல்கலைக்கழகத்தின் மடியிலேயே இவ்வாட்டம் நிறுவன வடிவம் பெற்றது என்பதை இன்றைய பல்கலைக்கழகத்தார் மனங்கொள்வது நன்று. இங்கிலாந்திலே, ஜேர்மனியினின்றும் அகதியாக வந்த யூத நரம்பியல் வைத்தியரான லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் முண்ணாண் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் முண்ணாண் பாதிக்கப்பட்டோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த்தொகுதித் தொற்றாலும் விரைவில் இறந்துபடுவர் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. குட்மன் அவர்களுக்கு ஆறுதல் கூறுவதுடன் அமையவில்லை. பந்தையும் வில்லையும் கையிற் கொடுத்தார். 1948 ஜூலை 29ஆந் திகதி, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி ஒன்றினை நடத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1960இல் உரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேரளவில் ஒன்றுகூடியபோது, சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டமும் அப்போட்டிகளுள் ஒன்றாக இருந்தது. பராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அதுவே.

குட்மன் விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு கூறாகவே கொண்டார் என்பது, 'முதலிற் சோறு, பிறகு பந்து' என்று வாதிப்போர்க்கு உரிய விடையாகும். இவ்வாதம் நியாயம் போலத் தோற்றுவது. வீடில்லாதவருக்கும் தொழிலில்லாதவருக்கும் விளையாட்டு எதற்கு என அவர் வினவுவர். நாற்காலியில் வாழ்பவரின் ஒருநாள் வாழ்க்கையை உற்றுநோக்கியவர் இவ்வாறு வினவமாட்டார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து மலசலகூடத்துக்கும், பின்னர் முச்சக்கரவண்டிக்கும் தம் உடலின் முழுப் பாரத்தையும் இரு கைகளால் தூக்கிப் பெயர்த்து வைக்கவேண்டியவர் அவர். இருக்கையில் ஒரேயிடம் அழுந்திப் புண்ணாகாதிருக்க, நாள் முழுவதும் இடையிடையே தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ள வேண்டியவர் அவர். இவற்றுக்கு வேண்டிய தசைகளும் திடலில் வேண்டப்படும் தசைகளும் வெவ்வேறல்ல. அத்தசைகளுக்கு வலுவில்லாதபோது அவர் பிறர் கையை எதிர்பார்ப்பார். பிறர் கை எப்பொழுதும் கிட்டுவதில்லை. ஆகவே வீட்டினுள் முடங்குவார். முடங்கியவருக்குத் தொழில் ஏது? தொழில் இல்லாதவருக்குச் சோறு ஏது? சோற்றுக்குச் செல்லும் வழி தோளினூடாகவே செல்கின்றது.

'மெலிந்த உடல், கடும் பயிற்சியாற் காயம் நேர்ந்துவிடும்' என்பது இன்னொரு வாதம். இரக்கத்தின் குரலில் வருவதாதலின் இது ஆபத்தானது. செயலிழந்த கால்களின் எலும்புகள் காலப்போக்கில் அடர்த்தி குன்றி எளிதில் முறியக்கூடியனவாகின்றன என்பது உண்மை. ஆனால் அதற்கு மருந்து, இடுப்பையும் கால்களையும் முறையாகப் பிணைக்கும் வாரும், பின்புறம் கவிழாது காக்கும் சிறுசக்கரமும், விழும் முறையைக் கற்பித்தலுமேயாகும். தோள்நோவோ ஆட்டத்துக்கு அஞ்சி வீட்டிலிருப்பவரையும் விட்டுவைப்பதில்லை. குண்டும் குழியுமான வீதியிலும் புதைமணலிலும் பாரமான நாற்காலியை ஆண்டுக்கணக்காக உந்துபவருக்கு எந்தப் பயிற்றுநரும் தசைகளைச் சமன்செய்யக் கற்றுக்கொடுப்பதில்லை. காயத்துக்கு அஞ்சுவோர் பயிற்சியைத் தடுப்பதை விடுத்துப் பயிற்சியின்மையைத் தடுப்பாராக.

'எல்லோராலும் ஆடவியலுமா?' என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு இவ்வாட்டத்தின் விதியே விடை கூறும். ஒவ்வொரு வீரருக்கும் அவரது உடல் இயங்கும் அளவுக்கேற்ப 1.0 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படுகின்றது. இடுப்பும் வயிறும் இயங்காதவருக்கு மிகக் குறைந்த புள்ளி. இயக்கம் மிக்கவருக்கு மிகக் கூடிய புள்ளி. சர்வதேசப் போட்டிகளில், திடலில் ஒரே வேளையில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டலாகாது. இதன் பயன் யாது? வலிமை மிக்க ஐவரைத் திரட்டி வெல்லுதல் இயலாது. உடல் மிகக் குன்றியவரும் அணிக்கு இன்றியமையாதவர் ஆகின்றார். எதிரியின் வழியில் தம் நாற்காலியை நிறுத்தித் தடுக்கும் ஒரு புள்ளி வீரரின்றி, நாலரைப் புள்ளி வீரர் வளையத்தை நெருங்கவியலாது. மெலியாரையும் வலியாரையும் ஓரணியில் நிறுத்தி இருவர்க்கும் பயன் வகுக்கும் இத்தகைய நீதி, சமத்துவம் பேசும் சமூகங்களின் சட்டநூல்களிற்கூட அரிதாகவே காணப்படுகின்றது.

இலங்கையின் நிலை என்ன? பராலிம்பிக் அரங்கில் இந்நாடு 1996இல் முதன்முதலிற் காலடி வைத்தது. 2012இல் இலண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். அதுவே நாட்டின் முதற் பராலிம்பிக் பதக்கம். தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிதலில் 2016இல் வெண்கலமும், 2021இல் நடைபெற்ற டோக்கியோப் போட்டியில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் தங்கமும் பெற்றார். துலான் கொடித்துவக்கு அதே டோக்கியோவில் வெண்கலமும் 2024இல் பாரிஸில் வெள்ளியும் பெற்றார். போற்றத்தக்க வெற்றிகள் இவை. இவற்றிலே கவனிக்கத்தக்க ஒற்றுமை ஒன்றுண்டு. இவர்கள் மூவரும் இராணுவத்தைச் சார்ந்தவர்கள். மூவரும் ஆடவர். மூவரும் நின்றும் ஓடியும் போட்டியிடுபவர். சக்கர நாற்காலியில் அமர்ந்து போட்டியிடுபவரல்லர்.

இதற்குக் காரணம் படைவீரரின் மனவலிமை மட்டுமே எனின், முப்பதாண்டுப் போரில் அவயவம் இழந்த பொதுமக்களுக்கு, தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவர்க்கும், மனவலிமை இல்லை என்று கூறவேண்டிவரும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அவ்வழிவின் பின் மீண்டும் அதே கரையிற் குடிசை கட்டி, அதே கடலில் வலைவீசியவர்களுக்கு மனவலிமை பற்றி எவர் கற்பிக்கவல்லார்? குறைவுபட்டது மனமன்று. இராணுவம் தன் வீரர்க்குத் திடலையும் பயிற்றுநரையும் வேளைக்கு உணவையும் மாதச் சம்பளத்தையும் வழங்கியது. அவற்றின் விளைவே பதக்கம். பொதுமக்களுக்கு அவற்றை வழங்க ஒருவரும் முன்வரவில்லை. அவர்களுக்கு வழங்கப்பட்டது புகழ்ச்சி. ஒரே நாட்டில், ஒரே போரில், ஒரே விதமாகக் காயமுற்ற இருவருள் ஒருவருக்குப் பயிற்சியும் மற்றவருக்குப் பாராட்டும் கிடைக்குமாயின், அதற்குப் பெயர் பாகுபாடு என்க.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்தது இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட மாதவி லதா என்னும் பெண்மணி, நடுவயதை அண்மித்த பின்னர் நீச்சல் பயின்று, அதனால் தம் உடல் பெற்ற நலனை உணர்ந்து, பிறர்க்கும் அவ்வழியைத் திறக்க முனைந்தார். அவரது முன்முயற்சியால் 2014இல் சென்னையை மையமாகக் கொண்டு இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் உருவாயிற்று. படைமுகாம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. தமிழ் வழங்கும் ஒரு நகரில், ஒரு பெண்ணின் முயற்சியில், பொதுமக்களைக் கொண்டே இது இயன்றது. பெண்கள் இத்தகைய ஆட்டங்களுக்கு வருவார்களா என்று கிழக்குக் கரையில் ஐயுறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மகளிர்க்கெனத் தனி வேளையும், மறைவான திடலும், மகளிர் பயிற்றுநரும் கிடைப்பின் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வருவதற்குப் பண்பாடு தடையாகாது. பண்பாட்டைக் காரணங்காட்டுவோரிற் பலர், திடல் அமைக்காமைக்குக் காரணந் தேடுவோரே.

சட்டம் இல்லாமையால் இவை நடைபெறவில்லை என்று சொல்வதற்கும் வழியில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுக் கட்டிடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்லுதல் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கிலே, புதிய பொதுக் கட்டிடங்கள் அவ்விதிகளின்படி அமைதல் வேண்டும் என உயர் நீதிமன்றம் 2011இற் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 30ஆம் உறுப்புரை விளையாட்டிற் பங்குபற்றும் உரிமையையும் வெளிப்படையாகக் கூறுகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 8.7 வீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனும் ஓர் இயலாமையுடன் வாழ்கின்றனர். சட்டமும் உண்டு, மக்களும் உண்டு. இடையே இருக்கவேண்டிய சாய்தளமே இல்லை.

பாண்டிருப்புக்கு வேண்டியவை எண்ணிக்கையிற் சிலவே. கல்முனைப் பகுதியில், பாடசாலையிலோ பொது மைதானத்திலோ, சீமெந்திட்ட ஒரு திடல் வாரத்தில் மூன்று மாலைகளேனும் இவ்வாட்டத்துக்கென ஒதுக்கப்படல் வேண்டும். வீதியிலிருந்து அத்திடலுக்கு மணலிற் புதையாது செல்லும் ஒரு பாதையும், நாற்காலியுடன் நுழையக்கூடிய ஒரு மலசலகூடமும் வேண்டும். சக்கரங்கள் அடிப்புறம் அகன்று சாய்ந்த விளையாட்டு நாற்காலிகள் பத்தேனும் வேண்டும். வைத்தியசாலையின் மடிப்பு நாற்காலியிலே வேகமாகத் திரும்பினால் அது கவிழும். சாய்ந்த சக்கரமே பக்கவாட்டில் நிலைநிறுத்தும். அத்தகைய நாற்காலி ஒரு கூலித்தொழிலாளியின் பல மாத வருமானத்தை விழுங்கக்கூடியதாகையால், தனியொருவர் தலையில் அதனைச் சுமத்துதல் தகாது. தசைகளைப் பயிற்றுவதற்கோ பெருஞ்செலவு இல்லை. தூணிற் கட்டிய பழைய துவிச்சக்கரவண்டி ரியூப்பை நெஞ்சை நோக்கி இழுத்தல் தோளின் பின்தசைகளை வலுப்படுத்தும். மணல் நிரப்பிய போத்தல்கள் பாரந்தூக்கவும், குறுந்தூரத்தை விரைந்து உந்திச் சிறிது ஓய்ந்து மீண்டும் உந்துதல் மூச்சை வளர்க்கவும் போதும். இவற்றை யாருக்கு எவ்வளவு என வரையறுக்கத் தெரிந்த ஒருவரே அங்கு முதன்மையாக வேண்டப்படுபவர்.

உடலைப் பக்குவப்படுத்தாது அருஞ்செயலில் இறங்கலாகாது என்பதைப் பாண்டிருப்புக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வூரின் திரௌபதை அம்மன் ஆலயத்துப் பதினெட்டு நாள் விழாவும், பாண்டவர் வனவாசமும், அருச்சுனன் தவநிலையும், இறுதியில் வரும் தீப்பள்ளயமும் கிழக்கிலங்கை முழுவதும் பெயர்பெற்றவை. தீயில் இறங்குபவர் அன்று காலையில் எழுந்து வந்து இறங்கிவிடுவதில்லை. நோன்பிருந்து, ஒழுங்குகாத்து, முன்னின்று நடத்துவோரின் வழிகாட்டலில் நாட்கணக்காகத் தம்மைத் தயார்செய்தே இறங்குகின்றார். ஊரும் அவருக்காகத் தன் நாளாந்த வழமைகளை மாற்றிக்கொள்கின்றது. தவத்தின் பொருட்டுச் செய்ய அறிந்த அந்த ஏற்பாட்டைத் தன் தெருவில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் இளைஞனின் பொருட்டும் செய்ய அவ்வூரால் இயலும். அவனிடம் மட்டும் ஏற்பாடு எதுவுமின்றித் 'துணிவோடு இறங்கு' என்று கூறுதல் எவ்வகை நியாயம்?

ஈற்றில், குற்றச்சாட்டின் ஒரு பகுதி பல்கலைக்கழகங்களின் வாயிலிலேயே வந்து நிற்கின்றது. மாடிகளில் விரிவுரை மண்டபங்களை அடுக்கிவைத்துப் படிக்கட்டு ஒன்றையே வழியாகக் காட்டும் கலைப்பீடங்களில், சமூகநீதி பற்றிய விரிவுரைகள் நடைபெறுகின்றன. அவ்விரிவுரையைக் கேட்கவேண்டியவர் கீழ்த்தளத்தில் நின்றுவிடுகின்றார். விளையாட்டு விழாக்களில் நாற்காலி வீரர்க்கு இடமில்லை. இருப்பினும் அது 'விசேட நிகழ்ச்சி'யாகவே இருக்கும். தமிழ்ச் சங்கங்களோ, இவை தம் எல்லைக்கு அப்பாற்பட்டவை என எண்ணிக் கவியரங்குகளிலும் பட்டிமன்றங்களிலும் மாற்றுத்திறனாளியை ஓர் உவமையாக மட்டும் கையாள்கின்றன.

தமிழ்ச் சங்கங்களுக்கு இதில் உரிய பணி தெளிவானது. அரசகரும மொழித் திணைக்களம் ஒரு தலைமுறைக்கு முன்னர் அறிவியற் கலைச்சொற்களைத் தொகுத்தளித்தமையாலேயே பாடசாலைப் பிள்ளைகள் தமிழில் உயிரியல் கற்றனர்; முண்ணாண் என்னும் சொல்லும் அவ்வழியே பரவிற்று. அதே மரபில், தோள்களைக் காக்கும் முறை, வெப்பத்தைத் தாங்கும் முறை, இருக்கைப் புண்ணைத் தவிர்க்கும் முறை, வாரந்தோறும் செய்யவேண்டிய பயிற்சிகள், ஆட்டத்தின் விதிகள் ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கும் ஒரு கைந்நூலை, மருத்துவபீடத்தாரையும் உடற்கல்வித் துறையினரையும் இயன்மருத்துவரையும் துணைக்கொண்டு ஆக்குதல் ஒரு தமிழ்ச் சங்கத்தால் ஓராண்டில் இயலும். தீவின் மறுகரையில் உள்ள றாகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலையில் சிகிச்சை முடித்துப் பாண்டிருப்புக்கு மீளும் ஓர் இளைஞனின் கையில் அந்நூல் இருக்குமாயின், பத்துக் கவியரங்குகள் செய்யாததை அது செய்யும்.

அதுவரை 'வலுவிழந்தோர்' என்னும் சொல்லை எவருக்கு வழங்குவது என்பதைத் தமிழ்ச் சமூகம் மீள ஆராய்தல் தகும். 28 மீற்றர் திடலை நாற்பது நிமிடங்கள் இரு கைகளால் அளந்து, அமர்ந்தபடியே பத்தடி உயரத்துக்குப் பந்தை அனுப்புபவருக்கு அச்சொல் பொருந்தாது. சட்டம் கையில் இருந்தும் ஒரு சாய்தளம் அமைக்க இயலாத சபைகளும், அறிவு கையில் இருந்தும் ஒரு கைந்நூல் ஆக்க முயலாத பல்கலைக்கழகங்களும், ஆண்டுக்கு ஒருநாள் கைதட்டுவதற்கு மட்டுமே கையை உயர்த்தும் கூட்டங்களும் உள்ள நாட்டில், அப்பெயருக்கு உரியவர்களைத் தேடி எவரும் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.